பிள்ளை கையில் போன்: கொடுக்கும் முன்னும், பிரச்சினை வந்த பின்னும்

கோவில்பட்டியில் எனக்கு ஒரு செல்போன் சர்வீஸ் கடை. டிஸ்ப்ளே உடைந்தது, சார்ஜ் ஏறவில்லை என்று வருகிறவர்களுக்கு நடுவில், வாரத்துக்கு ஒருவராவது வேறு மாதிரி வேலையோடு வருவார். மற்ற ஆட்கள் போகும்வரை ஓரமாக நிற்பார். பிறகு கவுண்டர் மேல் ஒரு போனை வைத்து, "அண்ணாச்சி, பிள்ளை லாக் போட்டு வச்சிருக்கா. உடைச்சு உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்" என்பார்.

இரண்டு வருடத்துக்கு முன்புவரை நானும் அவர்களோடு சேர்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் போனே கொடுக்கக்கூடாது" என்று ஒரு வசனமும் சொல்வேன். அப்புறம் என் வீட்டிலேயே நடந்தது.

மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. வகுப்புக்கு இரண்டு வாட்ஸ்அப் குரூப். ஒன்றில் டீச்சர் உண்டு, வீட்டுப்பாடம் வரும். இன்னொன்றில் டீச்சர் கிடையாது. மற்றதெல்லாம் அதில் வரும். விளையாட்டு விழா அன்று யாரோ எடுத்த போட்டோவில் இவள் பாதிக் கண் மூடி, வாய் நிறையப் புளியோதரையோடு இருந்திருக்கிறாள். முகத்தை மட்டும் வெட்டி ஒரு பையன் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டான். 'நாளைக்கு லீவா?' என்று யாராவது கேட்டால் பதிலுக்கு அந்த ஸ்டிக்கர். இவளே ஏதாவது கேட்டால் வரிசையாக இருபது ஸ்டிக்கர். மூன்று வாரம் இப்படி. மதியச் சாப்பாட்டை அவள் அப்படியே திருப்பிக் கொண்டுவருவதை அவள் அம்மா கவனித்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் யார் முன்னாலும் வாயைத் திறந்து சாப்பிடுவதையே விட்டிருந்தாள்.

நான் என்ன செய்தேன்? போனைப் பிடுங்கினேன். அவள் போனிலிருந்து குரூப்பை அழித்தேன், ஸ்டிக்கரையெல்லாம் அழித்தேன். ராத்திரி பத்து மணிக்கு அந்தப் பையனின் அப்பாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். மறுநாள் குரூப்பில் புது ஸ்டிக்கர் வந்தது; இந்தத் தடவை முகம் என்னுடையது, கடை போர்டிலிருந்து வெட்டியது. பள்ளிக்கூடத்துக்குப் போனால், "ஆதாரம் ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டார்கள். நான்தான் அழித்துவிட்டேனே.

"முதல் நாளே ஏம்மா சொல்லல?" என்று அவளிடம் கேட்டேன்.

"சொன்னா போனைப் பிடுங்குவீங்க."

பிடுங்கித்தான் இருந்தேன்.

அதற்குப் பிறகு நான் தெரிந்துகொண்டதையும், கடைக்கு வரும் பெற்றோருக்குச் சொல்வதையும் இங்கே எழுதுகிறேன். பிள்ளைக்கு 13 முதல் 17 வயது, கையில் போன் இப்போதுதான் வந்திருக்கிறது அல்லது வரப்போகிறது என்றால் இந்த வரிசையிலேயே போங்கள்.

முதல் படி: செட்டிங்ஸுக்கு முன் ஒரு வாக்கு

பிள்ளைகள் வாயைத் திறக்காததற்கு மிரட்டுகிறவன் மேலுள்ள பயம் பாதிதான் காரணம். மீதிப் பாதி வீட்டுப் பயம். போன் போய்விடும். பெண் பிள்ளையாக இருந்தால் போனோடு சேர்ந்து டியூஷன், தோழி வீடு, சில வீடுகளில் படிப்பே போய்விடும். மிரட்டுகிறவனுக்கும் இது நன்றாகத் தெரியும். 'உங்க அப்பாவுக்கு அனுப்பிருவேன்' என்பதுதான் அவன் எடுக்கும் முதல் ஆயுதம். அப்பாவுக்கு ஏற்கெனவே தெரியும் என்றால் அந்த ஆயுதத்தில் குண்டு இல்லை.

அதனால் போனைக் கையில் கொடுக்கும் அன்றே, கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைச் சொல்லுங்கள்: "போன்ல யார் என்ன பண்ணாலும், நீயே தப்புப் பண்ணியிருந்தாலும், நீயா வந்து சொன்னா போனை வாங்க மாட்டோம். அன்னைக்குத் திட்டவும் மாட்டோம்." 'அன்னைக்கு' என்ற வார்த்தை முக்கியம். வாழ்நாள் முழுக்கத் திட்ட மாட்டேன் என்று சொன்னால் பிள்ளை நம்பாது. நீங்களும் காப்பாற்ற முடியாது. ஒருவர் வாக்குக் கொடுத்து இன்னொருவர் மறுநாள் பிடுங்கினால் வாக்குப் போயிற்று.

உங்களிடம் சொல்ல முடியாவிட்டால் யாரிடம் சொல்வது என்றும் ஒரு பெயரை முடிவு செய்துவையுங்கள். எங்கள் வீட்டில் அது என் மனைவியின் தங்கை. சித்தியிடம் சொன்னால் சித்தி எங்களிடம் எப்படிச் சொல்வது என்று பார்த்துக்கொள்வாள். இதில் பெற்றோர் ரோஷப்படுவதற்கு ஒன்றுமில்லை.

இரண்டாம் படி: பிறந்த தேதியைப் பாருங்கள்

கடைக்கு வரும் பிள்ளைகளின் போனில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்: பதினான்கு வயதுப் பையனுக்கு இன்ஸ்டாகிராமில் இருபத்து மூன்று வயது. அக்கவுண்ட் தொடங்க 13 வயது ஆக வேண்டும் என்பதால், பதினொரு வயதிலேயே ஏதோ ஒரு வருடத்தைத் தட்டி உள்ளே போய்விட்டார்கள். அப்போதைக்கு வேலை முடிந்தது. ஆனால் அதன் விளைவு இப்போது வருகிறது.

2024-இல் இன்ஸ்டாகிராம் 'டீன் அக்கவுண்ட்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. இந்தியாவுக்கு 2025-இல் வந்தது. பதின்ம வயது என்று தெரிந்தால் அக்கவுண்ட் தானாகவே பிரைவேட் ஆகிவிடும். தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது. ராத்திரி 10 முதல் காலை 7 வரை நோட்டிபிகேஷன் அடங்கும். ஒரு நாளில் 60 நிமிடம் ஆனதும் 'போதும்' என்று நினைவூட்டும். 16 வயதுக்குக் குறைந்தவர்கள் இவற்றைத் தளர்த்த வேண்டுமானால் பெற்றோர் அனுமதி வேண்டும். இருபத்து மூன்று வயது என்று எழுதிவைத்த பையனுக்கு இதில் ஒன்றும் கிடைக்காமல் போகலாம்.

ஆகவே பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அக்கவுண்ட்ஸ் சென்டர் உள்ளே பெர்சனல் டீடெயில்ஸில் பிறந்த தேதியைத் திறந்து சரிசெய்யுங்கள். பிறகு சூப்பர்விஷன் என்ற பகுதியில் உங்கள் அக்கவுண்டை இணைத்துக்கொள்ளலாம்; அதற்கு உங்களுக்கும் ஒரு இன்ஸ்டாகிராம் அக்கவுண்ட் வேண்டும், பிள்ளையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதில் கடந்த ஏழு நாளில் பிள்ளை யார் யாரோடு மெசேஜில் பேசியது என்று தெரியும். என்ன பேசியது என்று தெரியாது. இந்த அளவு போதும் என்பது என் அபிப்பிராயம். லாக்கை உடைத்து எல்லாவற்றையும் படிக்கிற அப்பாவிடம் பிள்ளை அடுத்த வாரமே இன்னொரு அக்கவுண்ட் தொடங்கிவிடும். இரண்டாவது அக்கவுண்டை உடைத்துத் தரச் சொல்லி என் கடைக்கே திரும்பி வந்தவர்கள் உண்டு.

பதினாறு வயதுக்குக் கீழ் சோஷியல் மீடியா அக்கவுண்டே கூடாது என்று ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் சட்டம் போட்டிருக்கிறது. நம் ஊருக்கும் அது வேண்டும் என்று கடையில் அடிக்கடி விவாதம் நடக்கும். வந்தால் வரட்டும். அதற்குள் உங்கள் பிள்ளைக்குப் பதினாறு முடிந்துவிடும்.

மூன்றாம் படி: வாட்ஸ்அப்பில் பத்து நிமிட வேலை

செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் குரூப்ஸ். அங்கே 'எவ்ரிஒன்' என்று இருக்கும். அதை 'மை காண்டாக்ட்ஸ்' ஆக்குங்கள். இல்லாவிட்டால் எண் தெரிந்த எவரும் எந்தக் குரூப்பிலும் இழுத்துப் போடலாம். புரொபைல் போட்டோவும் ஸ்டேட்டஸும் காண்டாக்ட்ஸுக்கு மட்டும். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்புகளை மௌனமாக்கும் வசதியும் அங்கேயே, கால்ஸ் என்ற இடத்தில் இருக்கிறது.

பிள்ளைக்குத் தெரியாத இரண்டு விஷயங்களை இங்கே சொல்லிக்கொடுங்கள். ஒன்று, குரூப்பிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறலாம். சேதி அட்மினுக்கு மட்டும்தான் போகும். 'வெளிய போனா எல்லாரும் கேலி பண்ணுவாங்க' என்றே பல பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து அடி வாங்குகிறார்கள். இரண்டு, ஒருவரை பிளாக் செய்தாலும் பொதுவான குரூப்பில் அவர் போடுவது தெரியத்தான் செய்யும். பிளாக் செய்தாயிற்றே, பிரச்சினை முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

ஸ்னாப்சாட் இருந்தால் அதன் வரைபடத்தில் பிள்ளை இருக்கும் இடம் நண்பர்களுக்குத் தெரியும்படி இருக்கிறதா என்று பார்த்து, 'கோஸ்ட் மோட்' போடுங்கள். கேம்களில் வாய்ஸ் சாட்டை நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். மற்ற ஆப்களைப் பற்றி உங்களுக்கு வகுப்பெடுக்க வேண்டியது நான் இல்லை, உங்கள் பிள்ளை. "இது எதுக்கு, இதுல யாரெல்லாம் இருக்காங்க" என்று கேளுங்கள். பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதில் அந்த வயசுக்கு ஒரு தனி சந்தோஷம்.

நான்காம் படி: கலாய்ப்பா, வதையா?

பிள்ளைகள் ஒருவரையொருவர் ஓட்டுவார்கள். நாமும் ஓட்டினோம். ஒவ்வொரு கிண்டலுக்கும் ஸ்கூலுக்குக் கிளம்பினால் பிள்ளைக்குத்தான் அவமானம். நான் மூன்று கேள்வி வைத்திருக்கிறேன். நிறுத்து என்று சொன்ன பிறகு நின்றதா? இவளால் பதிலுக்கு ஓட்ட முடிகிறதா, அல்லது நாற்பது பேர் ஒரு பக்கம், இவள் ஒருத்தி மறுபக்கமா? திரும்பத் திரும்ப வருகிறதா?

மூன்றாவது கேள்வியில் ஆன்லைனுக்கு ஒரு வித்தியாசம் உண்டு. என் காலத்தில் பட்டப்பெயர் வைத்தால் மாலை நாலரை மணிக்குப் பெல் அடித்ததும் அது பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடும். இப்போது ஒருவன் ஒரே ஒரு தடவை போட்ட படத்தை நாற்பது பேர் அனுப்பினால், அது நாற்பது தடவை. ராத்திரி பதினொன்றுக்கும் வரும், படுக்கைக்கே வரும். 'ஒரு தடவைதானே போட்டான்' என்ற வாதம் இதில் செல்லாது.

அறிகுறி என்று எல்லோரும் சொல்வது: போனைக் கவிழ்த்து வைக்கிறது, நாம் வந்தால் ஸ்கிரீனை மாற்றுகிறது. அது அந்த வயசுக்கு இயல்பு, அதை வைத்துச் சந்தேகப்படாதீர்கள். நான் கவனிக்கச் சொல்வது போனுக்கு வெளியே இருக்கிறது. ஞாயிறு நன்றாக இருந்த பிள்ளைக்குத் திங்கள் காலை வயிற்றுவலி. தினமும் பேச்சில் வந்த தோழியின் பெயர் திடீரென்று காணோம். சாப்பாட்டு டப்பா திறக்காமல் வருகிறது. காரணம் சொல்லாமல் ஐந்நூறு, ஆயிரம் கேட்கிறது. கடைசியாகச் சொன்னது ஆண் பிள்ளைகளிடம் வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஏன் என்று ஆறாம் படியில் சொல்கிறேன்.

ஐந்தாம் படி: அது நடந்துவிட்ட அன்று

முதல் கால் மணி நேரம் கேட்க மட்டும் செய்யுங்கள். 'நீ ஏன் போட்டோ போட்ட?' என்ற கேள்வியை விழுங்கிவிடுங்கள். "சொன்னது நல்லதாப் போச்சு" என்று ஒரு வார்த்தை. பிறகு ஒரு காபி போடுங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை, எழுந்து போய் அடுப்பைப் பற்றவைக்கிற நேரத்தில் உங்கள் கோபமும் கொஞ்சம் இறங்கும், பிள்ளையின் அழுகையும் அடங்கும்.

அடுத்தது ஆதாரம். நான் கோட்டைவிட்ட இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எதையும் அழிக்காதீர்கள், குரூப்பிலிருந்து இப்போதே வெளியேறவும் வேண்டாம். மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது, அனுப்பியவர் பெயரைத் தட்டி, எண் தெரியும் பக்கத்தையும் எடுங்கள். காண்டாக்டில் 'மங்கி' என்று பதிந்து வைத்திருந்தால் ஸ்கிரீன்ஷாட்டில் 'மங்கி' என்றுதான் வரும். அது யார் என்று யாருக்கும் தெரியாது. தேதியும் நேரமும் தெரிய வேண்டும். இன்ஸ்டாகிராம் ஃபேக் ஐடி என்றால் பெயரை மட்டும் எடுத்துப் பயனில்லை, அதை ஒரு நொடியில் மாற்றிக்கொள்வார்கள். புரொபைலின் இணைப்பையும் காப்பி செய்து, தேதியோடு ஒரு நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறைந்துபோகும் மெசேஜ்களுக்கு இன்னொரு வழி. ஸ்னாப்சாட்டில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் எதிராளிக்குத் தகவல் போகும். வாட்ஸ்அப்பில் ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்பியதை ஸ்கிரீன்ஷாட் எடுக்கவே விடாது. அங்கெல்லாம் உங்கள் போனை எடுத்து, பிள்ளை போனின் திரையை வீடியோ பிடியுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: அந்தரங்கமான படம் என்றால் இப்படிச் செய்யக்கூடாது. அதற்கு அடுத்த படி.

ஆதாரம் கையில் வந்த பிறகு ரிப்போர்ட், பிளாக். வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் செய்தால் கடைசி ஐந்து மெசேஜ் நிறுவனத்துக்குப் போகும், எதிராளிக்குத் தெரியாது. இன்ஸ்டாகிராமில் பிளாக்குக்கு முன் 'ரெஸ்ட்ரிக்ட்' என்று ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. அதைப் போட்டால் அவன் எழுதும் கமெண்ட் அவன் கண்ணுக்கு மட்டும் தெரியும், ஊருக்குத் தெரியாது. மெசேஜ் தனிப் பெட்டிக்குப் போய்விடும். ரெஸ்ட்ரிக்ட் ஆகியிருக்கிறோம் என்று அவனுக்குச் சேதியும் வராது. நாளைக்கும் அதே பெஞ்சில் உட்காரப்போகிற பிள்ளைகளுக்கு பிளாக்கைவிட இது நல்லது. பிளாக் செய்தால் 'பெரிய இவளா நீ' என்று வகுப்பிலேயே தொடங்கிவிடும்.

உங்கள் பிள்ளையின் பெயரிலும் போட்டோவிலும் யாராவது அக்கவுண்ட் தொடங்கியிருந்தால், ஆள்மாறாட்டம் என்று ரிப்போர்ட் செய்ய வேண்டும். தோழிகள் ஐம்பது பேர் சேர்ந்து ரிப்போர்ட் அடிப்பதைவிட, பாதிக்கப்பட்ட பிள்ளையோ அவள் சார்பில் பெற்றோரோ கொடுப்பதைத்தான் நிறுவனம் கணக்கில் எடுக்கும்.

பிறகு பள்ளி. வகுப்பாசிரியரிடம் நேரில், ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எந்தத் தேதி, எந்தக் குரூப், என்ன நடந்தது, நீங்கள் கேட்பது என்ன. 'அந்தப் பையனுக்கு டிசி கொடுங்க' என்று கேட்காதீர்கள். பள்ளி உடனே தற்காப்புக்குப் போய்விடும். 'குரூப்பைக் கலைக்க வேண்டும், படத்தை எல்லாரும் அழிக்க வேண்டும், அவன் பெற்றோரை வரச் சொல்லி உங்கள் முன்னால் பேச வேண்டும்' என்று மூன்று காரியம் கேளுங்கள். அந்தப் பெற்றோருக்கு நீங்களாகப் போன் செய்ய வேண்டாம், குறிப்பாக ராத்திரி பத்து மணிக்கு. நான் சொல்கிறேன், கேளுங்கள்.

தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பிள்ளையே நேரடியாகக் கூப்பிடலாம்.

என் மகள் விஷயம் இந்தப் படியிலேயே, இரண்டாம் முயற்சியில் முடிந்தது. அவள் தோழி ஒருத்தி ஸ்டிக்கர்களை அழிக்காமல் வைத்திருந்தாள். ஸ்டிக்கர் கேலிக்கெல்லாம் காவல் நிலையம் போக வேண்டுமா என்றால், என் பதில் வேண்டாம். பள்ளியும் இரண்டு வீடும் சேர்ந்தால் தீர்கிற காரியம் அது.

ஆறாம் படி: அந்தரங்கப் படம், மிரட்டல், பணம்

இங்கே வந்தால் பள்ளியோடு நிற்காதீர்கள்.

இன்றைக்கு இது இரண்டு விதமாக வருகிறது. பெண் பிள்ளைகளின் சாதாரண டிபியை எடுத்து, ஏஐ ஆப்பில் போட்டு, ஆபாசமாக மாற்றுவது ஒன்று. முன்பு இதற்கு போட்டோஷாப் தெரிந்த ஆள் வேண்டும், இப்போது வேண்டாம். இன்னொன்று ஆண் பிள்ளைகளுக்கு விரிக்கும் வலை. அழகான பெண் போட்டோவோடு ஒரு ரிக்வெஸ்ட் வரும், இரண்டே நாளில் வீடியோ காலில் கூப்பிடும், அதைப் பதிவு செய்துகொண்டு 'உன் ஃபாலோயர் லிஸ்ட் எங்ககிட்ட இருக்கு, பணம் போடு' என்று வரும். பெண்ணுக்குத்தான் ஆபத்து என்றே நாம் வளர்த்திருப்பதால் பையன்கள் இதை யாரிடமும் சொல்வதில்லை. ஐந்நூறு ரூபாய் கேட்பது இப்படித்தான் தொடங்கும்.

பணம் கொடுக்காதீர்கள்; கொடுத்தால் மறுபடி கேட்பான். பதில் பேசாதீர்கள், கெஞ்சாதீர்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மடக்க வாய்ப்பு. தேசிய சைபர் கிரைம் புகார் இணையதளம், சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன், 2019-இலிருந்து முழு வடிவில் இயங்குகிறது. பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரை அதில் பெயர் சொல்லாமலும் பதியலாம். நேரில் போக வேண்டுமென்றால் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் போகலாம். சம்பவம் எங்கள் எல்லையில் இல்லை என்று பக்கத்து நிலையம் திருப்பி அனுப்பக்கூடாது. எல்லை பார்க்காமல் முதல் தகவலைப் பதிவு செய்யும் ஜீரோ எஃப்ஐஆர் 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது.

இப்போது ஒரு எச்சரிக்கை. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் அந்தரங்கப் படத்தை, ஆதாரம் என்ற பெயரில்கூட, உங்கள் போனுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். மச்சானுக்கும் வக்கீல் நண்பருக்கும் ஃபார்வேர்ட் செய்யாதீர்கள். அது இருக்கும் போனிலேயே இருக்கட்டும், போலீசிடம் அந்தப் போனையே காட்டுங்கள். இத்தகைய படங்களைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவிலும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்திலும் குற்றம். வெறுமனே இறக்கிப் பார்த்தது குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தது. அதே வருடம் செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே ரத்து செய்து, போனில் வைத்திருப்பதும் குற்றமாகலாம் என்றது. பாதிக்கப்பட்ட பிள்ளையின் அப்பாவாக இருந்தாலும், பத்து பேருக்கு அனுப்பினால் பரப்பியதாகத்தான் ஆகும்.

படத்தை இணையத்திலிருந்து எடுக்க இலவச வழி ஒன்று இருக்கிறது. 'டேக் இட் டவுன்' என்ற சேவை; அமெரிக்காவில் காணாமற்போன குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துவது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அந்தப் படத்துக்கு விரல்ரேகை மாதிரி ஒரு குறியீடு போனிலேயே உருவாகும். அந்தக் குறியீடு மட்டும் இன்ஸ்டாகிராம், பேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற நிறுவனங்களுக்குப் போய், அதே படம் வந்தால் தடுக்கும். வாட்ஸ்அப்பில் கைமாறுவதை இது தடுக்காது. படம் எடுத்தபோது 18 நிரம்பியிருந்தால் 'ஸ்டாப் என்சிஐஐ' என்று இதேபோல் வேறொன்று.

போலீஸ் என்றதும் அம்மாக்களுக்கு வரும் பயம் எனக்குத் தெரியும்: "பொம்பளப் பிள்ளையக் கூட்டிட்டு ஸ்டேஷன் படி ஏறணுமா அண்ணாச்சி?" வேண்டாம். போக்சோ சட்டத்தின் 24-வது பிரிவின்படி பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ, பிள்ளை விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும், கூடியவரை பெண் உதவி ஆய்வாளர் வர வேண்டும், சீருடையில் வரக்கூடாது. பிள்ளையின் பெயரையோ பள்ளியையோ அடையாளம் தெரியும்படி ஊடகங்கள் வெளியிடக்கூடாது. 'பள்ளிக்குக் கெட்ட பேரு வந்துரும், உள்ளுக்குள்ளயே முடிச்சுக்கலாம்' என்று யாராவது சொன்னால், போக்சோ குற்றம் தெரிந்தும் தகவல் தராமல் இருப்பதே தண்டனைக்குரியது என்று நிதானமாகச் சொல்லுங்கள்.

இன்னும் சிலர் '66ஏ-ல கேஸ் போடுங்க' என்று வழி சொல்வார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-இலேயே செல்லாது என்று சொல்லிவிட்டது. அவர்கள் சொல்லும் மற்றதையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நாட்களில் பிள்ளையை ராத்திரி தனியே படுக்க விடாதீர்கள். 'நான் இருந்து என்ன பிரயோசனம்' என்கிற மாதிரிப் பேச்சு ஒன்று வந்தாலும் தள்ளிப்போடாமல் 14416-ஐக் கூப்பிடுங்கள். டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண். இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

ஏழாம் படி: செய்தது உங்கள் பிள்ளை என்றால்

இந்தப் படியை யாரும் கேட்டு வருவதில்லை. ஒரே ஒருவர் வந்தார். பையனின் போனைக் கவுண்டரில் வைத்து, "எல்லாத்தையும் சுத்தமா அழிச்சு, ஃபேக்டரி ரீசெட் போட்டுக் கொடுங்க. ஸ்கூல்ல கூப்பிட்டிருக்காங்க" என்றார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. பையன் வாசலில் வண்டி மேல் உட்கார்ந்திருந்தான். கன்னத்தில் விரல் பதிந்திருந்தது.

ரீசெட் போடவில்லை. அழித்தால் 'மறைத்தார்கள்' என்பதும் சேர்ந்துகொள்ளும், அது மற்ற நாற்பது போனில் இருக்கத்தான் போகிறது. பையனைக் கூப்பிட்டு, அப்பா முன்னாலேயே, கூடப் படிக்கிற பிள்ளையைக் கேலி செய்து போட்ட மீம் பேஜ் யார் கையில் இருக்கிறது என்று கேட்டேன். மூன்று பேர் அட்மின், இவன் ஒருவன். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு, அவன் கையாலேயே பதிவுகளை நீக்கச் சொன்னேன். மற்ற இருவருக்கும் அவனையே சொல்லச் சொன்னேன். மன்னிப்பு ஸ்டேட்டஸில் வேண்டாம் என்றேன். ஸ்டேட்டஸில் போட்டால் அது இன்னொரு காட்சியாகிவிடும். பள்ளியில், ஆசிரியர் முன்னால், பாதிக்கப்பட்ட பிள்ளை அதைக் கேட்க விரும்பினால் மட்டும்.

அடிக்க வேண்டாம் என்று அந்த அப்பாவிடம் சொன்னேன். வீட்டில் அடி வாங்கியதைப் பள்ளியில் யார் மேல் இறக்குவது என்று தேடுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை சட்டப்படி சிக்கினால் விஷயம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும், லாக்கப்பில் வைக்கக்கூடாது. அது அவருக்கும் ஒரு ஆறுதலாக இருந்தது. பையனுக்கும் அதைச் சொன்னேன், வேறு தொனியில்.

எட்டாம் படி: உங்கள் போன்

ராத்திரி பத்து மணிக்கு எல்லார் போனும் ஹாலில் சார்ஜுக்குப் போக வேண்டும் என்று வீட்டில் ஒரு ஏற்பாடு. நானே நான்கு பாயிண்ட் வைத்து ஒரு பெட்டி செய்தேன். முதல் வாரமே தோற்றது யார் என்றால் நான். கஸ்டமர் கூப்பிடுவார் என்று தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். பத்தே கால் மணிக்கு மகள் வந்து கதவைத் தட்டி, "அப்பா, ஒரு பாயிண்ட் காலியா இருக்கு" என்றாள். பிள்ளைக்குப் போடும் சட்டத்தை நமக்கும் போடாவிட்டால் அது ஒரு வாரம்கூட நிற்காது.

பிள்ளை படத்தை நாம் போடுவதிலும் இதேதான். குளித்துவிட்டு வந்த குழந்தைப் படம், பள்ளிச் சீருடையில் பேட்ஜ் தெரிய நிற்கும் படம், வீட்டு வாசல் நம்பரோடு பிறந்தநாள் படம் என்று பத்து வருடமாக நாம்தான் போட்டுக்கொண்டிருக்கிறோம். பிறகு பிள்ளையிடம் 'கண்டதையும் போடாதே' என்கிறோம்.

போன வருடம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று, 460 மார்க் என்ற சந்தோஷத்தில் அவள் மார்க் பக்கத்தை அப்படியே ஸ்டேட்டஸில் வைத்துவிட்டேன். அவள் பார்த்துவிட்டு, "அதுல என் ரெஜிஸ்டர் நம்பரும் பிறந்த தேதியும் இருக்குப்பா. அது ரெண்டும் இருந்தா யாரு வேணாலும் என் ரிசல்ட்டத் திறக்கலாம். போடவான்னு கேட்டீங்களா?" என்றாள். எடுத்துவிட்டேன். அதற்குள் 63 பேர் பார்த்திருந்தார்கள்.